மாவுக்கு மணி தெரியாது

"மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டு மடங்காகிவிடும்." வீட்டில் பிரெட் செய்யச் சொல்லித்தரும் தமிழ் வீடியோக்களிலும் சமையல் குறிப்புகளிலும் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சொற்கள் கொஞ்சம் மாறும், மணிக்கணக்கு மாறாது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு எதிரானது.

அந்த வரியில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரம், வெதுவெதுப்பான இடம். இரண்டுமே நம் சமையலறைக்குப் பொருந்தாதவை. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஒருவர் மாவுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான இடம் எங்கே என்று தேடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். மொத்த வீடும் வெதுவெதுப்பான இடம்தான். அதிலிருந்து தப்பிக்க வழியில்லாமல்தானே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம்?

ஒரு சமையல் குறிப்புக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கோபம் குறிப்பின் மேல் மட்டும் இல்லை. அந்தக் குறிப்பை நம்பி மாவு பிசைந்து, மூடி வைத்து, அலாரம் வைத்து, கடைசியில் செங்கல் மாதிரி ஒன்றை ஓவனிலிருந்து எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "எனக்கு பிரெட் வராதுங்க." குறிப்பு பொய் சொன்னது என்று யாரும் சொல்வதில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள், நாற்பது பேருக்கு இட்லி மாவு அரைக்கத் தெரிந்தவர்கள், தங்கள் கையைச் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

யாருடைய அறை, யாருடைய வெப்பநிலை?

2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் மார்க் பிட்மன் ஒரு பிரெட் செய்முறையை எழுதினார். ஜிம் லேஹி என்ற நியூயார்க் பேக்கரிக்காரரின் முறை அது. பிசையவே வேண்டாம். மாவு, தண்ணீர், உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட். எல்லாவற்றையும் கலந்து குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 18 மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிசைகிற வேலையை நேரமே செய்துகொள்ளும். உலகம் முழுக்க, அதுவரை பிரெட்டைத் தொடப் பயந்தவர்களையெல்லாம் பேக்கரிக்காரர்கள் ஆக்கிய குறிப்பு அது.

அதில் ஒரு சின்ன விவரம் உண்டு. அந்த 18 மணி நேரமும் மாவு இருக்க வேண்டியது சுமார் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில். நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். இதைத்தான் அந்தக் குறிப்பு கதகதப்பான அறையின் வெப்பநிலை என்கிறது. இருபத்தொன்று! சென்னையில் 21 வரவேண்டுமென்றால் மார்கழி விடியற்காலை வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு நாம் மஃப்ளரைத் தேடிக்கொண்டிருப்போம்.

பிட்மன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நியூயார்க் வீட்டுக்கு அது சரியான குறிப்பு. முக்கியமாக, அவர் டிகிரியை எழுதினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் மணியை வைத்துக்கொண்டு டிகிரியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "ராத்திரி கலந்து வெளிய வச்சிருங்க, காலைல பாருங்க." காலையில் பார்த்தால் பாத்திரத்தில் கள்வாசம் அடிக்கும் கூழ் இருக்கும். அதை ஓவனில் வைத்தாலும் ஒன்றுதான், செடிக்கு ஊற்றினாலும் ஒன்றுதான்.

"அறை வெப்பநிலை" என்ற சொல்லே அப்படிப்பட்டது. குளிர் நாட்டில், சூடேற்றிய வீட்டுக்குள் எழுதப்பட்ட குறிப்பில் அது 20, 22 டிகிரியைக் குறிக்கும். அதே சொல் கோடைகாலத் திருச்சியில் 34-ஐக் குறிக்கும். சொல் மொழிபெயர்ந்துவிட்டது, பொருள் கப்பல் ஏறவே இல்லை.

நியூ ஜெர்சியில் இட்லி மாவு

இப்போது எதிர்த்திசையில் பாருங்கள். நம் ஊரிலிருந்து நியூ ஜெர்சிக்கோ டொராண்டோவுக்கோ போன ஒருவர் முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு அரைக்கிறார். எட்டு மணி நேரம் ஆகிறது, மாவு அசையவில்லை. அவர் என்ன செய்கிறார்? "எனக்கு இட்லி வராது" என்று அழுகிறாரா? இல்லை. ஊருக்கு ஃபோன் போடுகிறார், அல்லது பக்கத்து வீட்டுத் தமிழரைக் கேட்கிறார். "ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வச்சிருங்க" என்று பதில் வருகிறது. மாவைப் போர்வையில் சுற்றுகிறார்கள், ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறார்கள். 14 மணி நேரம் ஆனாலும் காத்திருக்கிறார்கள். மாவு ஊரைப் பொறுத்தது, பருவத்தைப் பொறுத்தது என்பதை அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சொல்லப்போனால் ஊருக்குள்ளேயே இது எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் சாயங்காலம் அரைத்த மாவு படுக்கப்போகும் முன்பே பொங்கியிருந்தால் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். மார்கழியில் சீக்கிரமே அரைத்து அடுப்புப் பக்கம் வைக்கிறோம். "இட்லி மாவு சரியாக எட்டு மணி நேரம்" என்று நம் வீட்டில் யாராவது அலாரம் வைத்ததுண்டா? மூடியைத் திறந்து பார்ப்பார்கள். கரண்டியை விட்டு லேசாகக் கிளறிக் கேட்பார்கள். ஆமாம், கேட்பார்கள், பொங்கிய மாவில் குமிழ் உடைகிற சத்தம் இருக்கிறது. முகர்வார்கள். முடிவெடுப்பார்கள்.

இந்த அறிவை இட்லி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே கொண்டுபோகிறோம். பிரெட் நம்மிடம் வரும்போது மட்டும் அதை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். ஏன்? இட்லியை யாரும் நமக்கு எழுத்தில் சொல்லித்தரவில்லை. பிரெட் எழுத்தில் வந்தது, அதுவும் வெளியிலிருந்து வந்தது. அச்சில் இருப்பது சட்டம், வெளிநாட்டு அச்சில் இருப்பது அரசியல் சாசனம். இட்லி மாவின் முன்னால் நீதிபதியாக உட்காருகிறவர்கள் பிரெட் மாவின் முன்னால் பரீட்சை எழுதும் மாணவர்களாகிவிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் வார இறுதி பேக்கிங் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். ஏப்ரல் மாதம், ஏசி வேலை செய்யவில்லை. என் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா. எல்லோருக்கும் கொடுத்த அதே அளவு, அதே வெந்நீர், அதே ஒரு மணி நேரம். அவருடைய மாவு டின்னில் மேலே வந்து, நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கைச்சூடு ஈஸ்ட்டுக்கு ஒத்துக்கலமா" என்றார். அந்த அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். என் பையில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அந்த மேசை மேல் அப்போது 34 டிகிரி. "மேடம், மாவு அரை மணிக்கு முன்னாடியே ரெடி ஆயிடுச்சு, நாமதான் காத்திருந்தோம்" என்று நான் சொன்னேன். "ரெசிபில ஒன் அவர்னு போட்டிருக்கே" என்பதுதான் பதில்.

மாவுக்குள் நடப்பது

சண்டை போடுவதற்கு முன் சங்கதி தெரிய வேண்டும். பிரெட் மாவு எழும்ப இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, காற்று உண்டாக வேண்டும். இன்னொன்று, அந்தக் காற்றைப் பிடித்து வைக்கப் பை வேண்டும்.

காற்றை உண்டாக்குவது ஈஸ்ட். ஒற்றைச் செல் பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடுகிறது. பையாக இருப்பது குளூட்டன். கோதுமைப் புரதங்களான கிளையடினும் குளூட்டெனினும் தண்ணீரில் சேர்ந்து பின்னிக்கொள்கிற வலை. மாவு எழும்பவில்லை என்றால் கோளாறு இந்த இரண்டில் ஒன்றில் இருக்கும். காற்று வரவில்லை, அல்லது பை கிழிந்துவிட்டது.

காற்று வராததற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் செத்த ஈஸ்ட். மளிகைக் கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? சந்தேகம் இருந்தால் கைபொறுக்கும் சூட்டில் கால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குப்பையில் போடுங்கள். நல்ல ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். இது சுலபமான பிரச்சினை. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இரண்டாவதுதான் பெரிது, அதுதான் யாரும் பேசாதது. ஈஸ்ட்டின் வேகம் சூட்டோடு ஏறும். 20-லிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 22 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கேட்கிற மாவு 34-ல் முக்கால் மணிக்குள் முடித்துவிடும். அதற்கு மேலும் விட்டால் காற்று வந்துகொண்டே இருக்கும், பை அளவுக்கு மேல் விரியும். கூடவே அமிலம் சேரும், நொதிகள் புரத வலையை அரிக்கும். வலை தளர்ந்து குமிழ்கள் ஒன்றோடொன்று கலந்து உடையும். ஓவனில் வைக்கும்போது ஒரு நல்ல மாவு கடைசியாக ஒரு முறை துள்ளி எழும். ஈஸ்ட் சாகிற 55, 60 டிகிரி வருவதற்குள் அவசரமாக வேலை செய்யும், உள்ளே இருக்கிற வாயு விரியும், ஈரம் ஆவியாகும். தளர்ந்த வலையால் இதைத் தாங்க முடியாது. பிரெட் உட்கார்ந்துவிடும்.

வெளியே எடுத்துப் பார்க்கிறவர் என்ன சொல்வார்? "எழும்பவே இல்ல." உண்மையில் அது எழும்பி, அவர் வருவதற்காகக் காத்திருந்து, களைத்து விழுந்த மாவு. ஆனால் அவர் அடுத்த முறை என்ன செய்வார்? ஈஸ்ட்டைக் கூட்டுவார், தண்ணீரை இன்னும் சூடாக்குவார், வெயிலில் கொண்டுபோய் வைப்பார். மாவு இன்னும் சீக்கிரம் எழும்பி இன்னும் சீக்கிரம் விழும். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுக்கிற இந்தச் சுழற்சியில்தான் பாதிப் பேர் பிரெட்டைக் கைவிடுகிறார்கள். வெதுவெதுப்பு என்ற ஒரு சொல் செய்த வேலை இது.

குளிர்ந்த தண்ணீர் என்ற கலகம்

பேக்கரிக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு 24-லிருந்து 26 டிகிரியில் இருந்தால் நல்லது. வேண்டிய டிகிரியை மூன்றால் பெருக்கி, அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழித்தால் தண்ணீரின் சூடு கிடைக்கும். இப்போது சென்னையைப் போடுங்கள். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அறை 33, டப்பாவில் இருக்கிற மாவு 32. மிச்சம் 13. பிசைகிற உரசலில் ஒன்றிரண்டு டிகிரி ஏறும், அதையும் கழித்தால் இன்னும் குறையும்.

பதின்மூன்று டிகிரி! குறிப்பு வெந்நீர் எடு என்கிறது, கணக்கு ஃப்ரிட்ஜைத் திற என்கிறது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடும். உடனடி ஈஸ்ட் என்றால் அதை முதலில் உலர்ந்த மாவில் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்ந்த நீரில் நேரே கொட்டினால் அதற்கு அதிர்ச்சி. கரைத்துச் சேர்க்க வேண்டிய பழைய வகை ஈஸ்ட் என்றால் இரண்டு கரண்டி வெந்நீரில் தனியாகக் கரையுங்கள், மிச்சத் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும்.

ஈஸ்ட்டின் அளவும் அப்படித்தான். 500 கிராம் மாவுக்கு 7 கிராம் பாக்கெட் ஒன்று என்பது குளிர் நாட்டு வழக்கம். நம் கோடையில் 2 கிராம் போதும், அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே. உப்பு 10 கிராம். உப்பு ஈஸ்ட்டைக் கொல்லும் என்று பயந்து குறைக்காதீர்கள். இந்த அளவில் அது ஈஸ்ட்டின் வேகத்தை அடக்கும், வலையை இறுக்கும், இரண்டுமே நமக்கு வேண்டியவை. தண்ணீர் 300-லிருந்து 320 கிராம். நம் மைதாவில் பொதுவாகப் புரதம் 10, 11 சதவீதம்தான் இருக்கும். மேல்நாட்டு பிரெட் மாவில் 12, 13. அவர்கள் சொல்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் தோசை மாவு கிடைக்கும். கோதுமை மாவு சேர்த்தால் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் அதன் தவிடு வலையை அறுக்கும் என்பதால் அவ்வளவு உயரம் எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடியில் வைத்து, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். அது இரண்டு மடங்கு உயரம் வந்தால் முதல் எழுச்சி முடிந்தது. நாற்பது நிமிடமோ இரண்டு மணி நேரமோ, அது உங்கள் கவலை இல்லை. டின்னில் போட்ட பிறகு மாவு தொட்ட விரலை ஒரு அங்குலம் அழுத்தி எடுங்கள். குழி சட்டென்று மேலே வந்தால் இன்னும் பொறுங்கள். மெதுவாக, அரைகுறையாக மேலே வந்தால் ஓவன் சூடாக இருக்கட்டும், இதுதான் நேரம். வராமலே இருந்தால் காலம் கடந்துவிட்டது. அதைத் தட்டிப் பரப்பி எண்ணெய் தடவித் தட்டை பிரெட்டாகச் சுட்டுச் சாப்பிடுங்கள், ருசியாகவே இருக்கும். நம் மைதாவின் பலத்துக்கு இரண்டாவது எழுச்சியில் முழு இரண்டு மடங்கு வரை போகாமல் கொஞ்சம் முன்பே ஓவனுக்கு அனுப்புவது பத்திரம்.

இந்த மூன்று பத்தியில் இருப்பதைச் சொல்ல ஒரு வீடியோவில் இரண்டு நிமிடம் போதும். ஏன் சொல்வதில்லை? "ஒரு மணி நேரம்" என்றால் பத்து நொடியில் முடிந்துவிடும், அடுத்த காட்சியில் பொங்கிய மாவைக் காட்டிவிடலாம். பார்ப்பதற்கு மாயம் மாதிரி இருக்கும். நடுவில் வெட்டி எறியப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான் மொத்தக் கலையும் இருக்கிறது.

நேரத்தை வெட்டிய கதை

நேரத்தை வெட்டுவது ரீல்ஸ் கண்டுபிடித்தது இல்லை. 1961-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சோர்லிவுட் என்ற ஊரில், பேக்கரித் தொழிலுக்கான ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மணிக்கணக்கில் மாவைப் புளிக்க விடுவதற்குப் பதிலாக, சில நிமிடங்கள் அதிவேக இயந்திரத்தில் அடிப்பது. கூடவே அதிக ஈஸ்ட், கெட்டிக் கொழுப்பு, வலையை இறுக்க அஸ்கார்பிக் அமிலம். புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையிலும் பிரெட் செய்ய முடிந்தது, மலிவாகச் செய்ய முடிந்தது. பிரிட்டனின் பிரெட்டில் பெரும்பகுதி இன்றைக்கும் இந்த முறையில்தான் வருகிறது. மலிவு பிரெட் பலர் வயிற்றை நிரப்பியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் போனது சுவை. நேரம் தந்துகொண்டிருந்ததை வேறு ஏதாவது தர வேண்டியிருந்தது, அந்த இடத்துக்குச் சேர்க்கைகள் வந்தன.

நம் ஊரில் அந்த இடத்துக்கு வந்த ஒன்றின் பெயர் பொட்டாசியம் புரோமேட். மாவின் வலையை வேகமாக முறுக்கேற்றும், பிரெட் கும்மென்று வெள்ளையாக எழும்பும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. பிரிட்டன் 1990-லேயே தடை செய்தது. 2016 மே மாதம் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தான் சோதித்த 38 பிரெட், பன், பீட்சா வகை மாதிரிகளில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிரிட்டன் தடைசெய்து 26 வருடம் கழித்து.

வீட்டில் மூன்று மடங்கு ஈஸ்ட் போடுவது புரோமேட் போடுவதற்குச் சமம் என்று சொல்ல வரவில்லை, அது அபாண்டம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கிற எண்ணம் ஒன்றே. மாவு தன் நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, நம் நேரத்துக்கு வர வேண்டும். தொழிற்சாலைக்கு அந்த அவசரத்தில் லாபம் இருந்தது. வீட்டில் உங்களுக்கு என்ன லாபம்?

"நேரம் யாருக்குங்க இருக்கு?" என்பீர்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. மெதுவான மாவு உங்கள் நேரத்தைக் கேட்காது. தன் நேரத்தைத்தான் கேட்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து பதினைந்து நிமிடம் பிசைந்து, அரை மணி வெளியே விட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் ஈஸ்ட் கிட்டத்தட்டத் தூங்கும். மறுநாள் சாயங்காலம் வந்து எடுத்து, வடிவம் கொடுத்து, எழும்ப விட்டுச் சுடுங்கள். நடுவில் நீங்கள் ஆபீஸ் போகலாம், தூங்கலாம், நாவல் படிக்கலாம். இருபது மணி நேரம் புளித்த மாவின் வாசனை ஒரு மணி நேர மாவுக்கு எந்தக் காலத்திலும் வராது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது மெதுவான பிரெட்தான். அவசர பிரெட்டுக்குத்தான் வீட்டில் ஒரு ஆள் காத்திருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கெமிக்கல் பயமும் சவர்டோ பெருமையும்

இன்னும் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் கட்சி, "ஈஸ்ட் கெமிக்கல், உடம்புக்குக் கெடுதல்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பரப்புகிறவர்கள். பெரியப்பாக்களை நான் கோபித்துக்கொள்வதில்லை, இந்தப் பயம் அவர்களைவிடப் பழையது. 1668-ல் பாரிஸ் மருத்துவப் புலம், பீர் நுரையிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை பிரெட்டில் சேர்ப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று தீர்ப்பளித்தது. 1670-ல் அந்நகரத்தின் உயர் நீதி அவை அதை மீறி அனுமதித்தது. ஊர் அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது. பாக்கெட்டில் வருகிற ஈஸ்ட்டும் ஓர் உயிர். பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் நுரைக்கிற ஈஸ்ட்டுகளில் அதே இனம் உண்டு. கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்கவைத்த ஊர் நம்முடையது. கள் பாரம்பரியம், ஈஸ்ட் கெமிக்கல் என்றால் எப்படி?

இரண்டாவது கட்சி இளையவர்கள், பெரும்பாலும் என் நண்பர்கள். 2020 ஊரடங்கில் பிறந்த கட்சி. கடைகளில் ஈஸ்ட் கிடைக்காமல் போனபோது உலகம் முழுக்கச் சவர்டோ வளர்த்தார்கள். மாவும் தண்ணீரும் கலந்து காற்றிலும் தானியத்திலும் உள்ள நுண்ணுயிர்களை வளர்க்கிற பழைய முறை. நல்ல பிரெட் அது, நானும் சுடுகிறேன். ஆனால் அதோடு ஒரு ஜாதிப் பெருமை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாக்கெட் ஈஸ்ட் போட்டவர் தீண்டத்தகாதவர். ஜாடிக்குப் பெயர் வைத்து, பிறந்தநாள் கொண்டாடி, நுண்ணுயிர்களோடு தனக்கு ஏதோ ஆன்மிகத் தொடர்பு இருப்பதுபோல் எழுதுகிறார்கள். அம்மா தினமும் அதே வேலையை உளுந்தோடும் அரிசியோடும் செய்துகொண்டிருந்தபோது இவர்கள் ஒரு வரி எழுதியதில்லை. சவர்டோ போட்டாலும் 34 டிகிரியில் அதே கதைதான்: மாவு கூழாகும், புளிப்பு மூக்கில் ஏறும். ஜாடிக்குப் பெயர் வைத்தவர்கள் முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கட்டும்.

பாட்டிக்கு எல்லாம் தெரியாது

இவ்வளவு சொன்னதும் மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும், அது என்னைப் பாராட்டுகிற குரல் என்பதால்தான் ஆபத்தானது. "சரியாச் சொன்னீங்க, நம்ம பாட்டிங்களுக்கு இதெல்லாம் அப்பவே தெரியும்." தெரியாது. இட்லி மாவு வேறு, பிரெட் மாவு வேறு.

அரிசியில் குளூட்டன் கிடையாது. இட்லி மாவில் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழுவழுப்பான பசையும். காற்றை உண்டாக்குவதில் முக்கியப் பங்கு லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. அது உளுந்தோடும் அரிசியோடும் சேர்ந்தே வீட்டுக்குள் வருகிறது. கைராசிக்கு இதில் பெரிய வேலை இல்லை. இட்லி மாவு கொஞ்சம் அதிகம் புளித்தால் நாளைக்குத் தோசை, மறுநாள் ஊத்தப்பம், அதற்கும் மேலே பணியாரம். பிரெட் மாவு அப்படி மன்னிக்காது. வலை ஒரு முறை அறுந்தால் அறுந்ததுதான். பிசைகிற பக்குவத்தை, மாவை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கிழியாமல் ஜன்னல் போல விரிகிறதா என்று பார்ப்பதை, வடிவம் கொடுக்கும்போது மேல்தோலை இறுக்குவதை எல்லாம் புதிதாகத்தான் கற்க வேண்டும். ஈழத்தில் தலைமுறைகளாகப் பாண் சாப்பிடுகிறார்கள். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது. அங்கும் பாண் பேக்கரியில் வாங்குவதாகத்தான் இருந்தது. வாயில் பழகிவிட்டதால் கைக்கு வந்துவிடாது.

பாட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விடை இல்லை, பார்க்கும் முறை. மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை தனக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை. அது மட்டும் இருந்தால் மிச்சத்தைத் தெர்மாமீட்டரும் ரப்பர் பேண்டும் சொல்லிக்கொடுத்துவிடும். தெர்மாமீட்டரைச் சொல்வதால் நான் கைப்பக்குவத்தை அவமதிப்பதாகவும் நினைக்க வேண்டாம். கைப்பக்குவம் என்பது பல நூறு தடவை பார்த்ததன் சேமிப்பு. முதல் தடவை செய்கிறவரிடம் அது இருக்காது. அவருக்குக் கருவி வேண்டும், கூடவே யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு

"புதுசா செய்றவங்களுக்கு ஏதாவது ஒரு நேரம் சொல்லித்தானே ஆகணும்?" என்று குறிப்பு எழுதுகிறவர்கள் கேட்பார்கள். சொல்லுங்கள். ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். "என் சமையலறை இன்றைக்கு 31 டிகிரி, நான் இவ்வளவு ஈஸ்ட் போட்டேன், எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது, உங்களுக்கு மாறும், ஜாடியில் கோட்டைப் பாருங்கள்." இவ்வளவுதான். இதை எழுத நான்கு வரி கூடுதலாகும். அந்த நான்கு வரி இல்லாததால்தான் ஒருவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழில் சமையல் எழுத்து இப்போதுதான் நன்றாக வளர்கிறது. உணவின் வரலாறு, ஜாதி, அரசியல் எல்லாம் எழுதுகிறோம். அடுப்படியில் நடக்கிற பௌதிகத்தையும் அதே மரியாதையோடு எழுத வேண்டும். கோயம்புத்தூருக்கு ஒரு கணக்கு, ராமநாதபுரத்துக்கு ஒரு கணக்கு, ஊட்டிக்கு வேறு கணக்கு. ஊட்டிக்காரர் வேண்டுமானால் அந்த வெதுவெதுப்பான இடத்தைத் தேடிக்கொள்ளட்டும், அவருக்கு அது உண்மையாகவே தேவைப்படும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "எனக்கு பிரெட் எழும்பறதே இல்ல" என்று சொன்னால், ஈஸ்ட் என்ன பிராண்ட் என்று கேட்காதீர்கள். எந்த மாதம் செய்தீர்கள், எந்த ஊரில் செய்தீர்கள், தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் முடிவதற்கு முன் ஒரு தடவையாவது துணியை விலக்கிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்க்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.